குழாய்ச் சுவருக்குள் ஒளியிழை: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கார்பன் இழையையோ கண்ணாடி இழையையோ பிசினில் தோய்த்துச் சுற்றிச் செய்யும் கூட்டுப்பொருள் குழாய்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவற்றின் சுவருக்குள் ஒளியிழையைப் பதித்துக் குழாயின் நலத்தைக் கண்காணிக்கலாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்தும் தடிமன் அளந்தும் அதன் நிலையை அறிந்துகொள்கிறோம். எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிசின்) குழாய்க்கு மட்டும் ஒளியிழை எதற்கு?
— பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

இரண்டும் கெடும் விதம் வேறு. இரும்புக் குழாய் பெரும்பாலும் துருவால் மெலிகிறது, அடிபட்டால் நசுங்குகிறது, அளவு மீறிய சுமை வந்தால் உடைவதற்கு முன் நெளிந்து காட்டுகிறது. இவற்றை வெளியிலிருந்தே கண்டுகொள்ளலாம். இழையும் பிசினும் சேர்ந்த குழாயின் மேல் கனமான ஸ்பேனர் ஒன்று தவறி விழுந்தால், மேற்பரப்பு மீண்டு பழையபடி வழவழப்பாகவே நிற்கலாம். ஆனால் உள்ளே இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் பிசின் விட்டுப்போய், விழுந்த இடத்தைவிடப் பெரிய பரப்பில் அடுக்குப் பிரிவு ஏற்பட்டிருக்கக்கூடும். அந்தக் குழாய் இழுவிசையைத் தாங்கும்வரை பிரிவு பெரிதாகத் தொல்லை தராமலும் இருக்கலாம். அழுத்துவிசையோ வளைவோ வந்தால்தான், பிரிந்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று துணையின்றித் தனித்தனியாக மடங்கத் தொடங்குகின்றன. அழுத்தம் தாங்கும் கண்ணாடி இழைக் குழாய்களில் இன்னொரு விதமும் உண்டு: இழைகள் முழுதாக இருக்கும்போதே பிசினில் நுண்வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவர் முழுவதும் வியர்ப்பதுபோல் நீர் கசியத் தொடங்கிவிடும்.

மீயொலிச் சோதனையால் உட்பிரிவைக் கண்டுபிடிக்க முடியும். அது நல்ல முறைதான். ஆனால் அந்தக் கருவியை ஒருவர் குழாய் இருக்கும் இடத்துக்கு எடுத்துச் சென்று, மேற்பரப்பு முழுவதும் நகர்த்திப் பார்த்தாக வேண்டும். மண்ணுக்குள் புதைத்த குழாய்க்கும், கடலடிக் குழாய்க்கும், இயந்திரத்தின் உள்ளே சுழலும் தண்டுக்கும் அது எளிதில் நடக்கக்கூடியதாக இல்லை. திரிபை, அதாவது ஒரு பொருள் தன் நீளத்தில் எந்த விகிதத்துக்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பதை, அளக்கும் மின்தடைத் திரிபுமானிகளை ஒட்டலாம் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பிகள் வேண்டும்; மின்காந்த இரைச்சல் அவற்றைக் குழப்பும்; ஹைட்ரஜனோ இயற்கை எரிவாயுவோ நிரம்பிய இடத்தில் மின்சாரம் பாயும் எதுவும் கவலைக்குரியது. ஒளியிழை கண்ணாடியால் ஆனது. தீப்பொறி உண்டாக்காது, துருப்பிடிக்காது, ஒரே இழையில் பல பத்து அளவீட்டுப் புள்ளிகளைத் தாங்கும். குழாயைச் செய்யும்போதே சுவருக்குள் வைத்துவிடலாம் என்பது, கூட்டுப்பொருளுக்கே உரிய கூடுதல் வசதி.

ஒளி எப்படித் திரிபைச் சொல்கிறது? பள்ளி இயற்பியல் அளவில் விளக்க முடியுமா?
— பிளஸ் டூ ஆசிரியை, விழுப்புரம்

தொலைத்தொடர்புக்குப் பயன்படும் ஒளியிழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர், அதைச் சூழ்ந்த கண்ணாடி உறையோடு சேர்த்து 125 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டது. இந்த உள்ளகத்தில், சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, புறஊதா ஒளியைக் கொண்டு ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் மிகச் சிறிதளவு கூட்டிக் குறைத்து எழுதிவிட முடியும். அப்படி எழுதிய பகுதியைப் பிராக் கீற்றணி என்கிறோம். ஒவ்வொரு வரியும் ஒளியில் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டும் அந்தச் சிறு பங்குகள் எல்லாம் ஒத்த கட்டத்தில் சேர்ந்து வலுவான எதிரொளிப்பாகின்றன. அந்த அலைநீளம், உள்ளகத்தின் ஒளிவிலகல் எண்ணையும் வரிகளின் இடைவெளியையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கினால் வருவது. ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45, இடைவெளி ஏறத்தாழ 535 நானோமீட்டர் என்றால் எதிரொளிக்கும் அலைநீளம் 1550 நானோமீட்டரை ஒட்டி அமையும். படிகங்களில் எக்ஸ் கதிர் எதிரொளிப்பதற்குத் தந்தை பிராக்கும் மகன் பிராக்கும் கண்ட விதியை மாணவர்கள் படித்திருப்பார்கள். அதே கணக்கு இங்கே கண்ணாடிக்குள் நடக்கிறது.

குழாய் நீண்டால் அதில் ஒட்டியிருக்கும் இழையும் நீள்கிறது, வரிகளின் இடைவெளி கூடுகிறது, திரும்பி வரும் அலைநீளமும் கூடுகிறது. ஒரு மீட்டர் நீளம் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அதை ஆயிரம் மைக்ரோதிரிபு என்போம். அப்போது அலைநீளம் சுமார் 1.2 நானோமீட்டர் நகரும். திரும்பி வரும் ஒளியை அளக்கும் நல்ல வாசிப்புக் கருவி ஒரு பிகோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்வை, அதாவது ஏறத்தாழ ஒரு மைக்ரோதிரிபை, பிரித்தறியும். ஒவ்வொரு கீற்றணியையும் சற்றே வேறுபட்ட அலைநீளத்துக்கு எழுதிவிட்டால், திரும்பி வரும் ஒளியில் எந்த முகடு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று குழப்பமின்றித் தெரியும்.

கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில்லும் உடன் பணியாற்றியோரும் 1978-இல் ஒளியால் கண்ணாடி இழைக்குள் கீற்றணி உருவாவதைக் கண்டார்கள். 1989-இல் அமெரிக்காவில் ஜெரி மெல்ட்ஸ் குழுவினர் புறஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து செலுத்தி, வேண்டிய இடத்தில் வேண்டிய அலைநீளத்துக்கு அதை எழுதும் வழியைக் காட்டினார்கள். இன்று நாம் பேசும் திரிபு உணரி அந்த இரண்டாவது வழியில் பிறந்தது.

இழை நெடுக எல்லா இடத்திலும் அளக்கும் முறை இருக்கிறதாமே? அதில் ராமன் விளைவுக்கும் பங்கு உண்டா?
— கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

உண்டு, ஆனால் திரிபை அளப்பதில் இல்லை. கீற்றணி இல்லாத சாதாரண இழையிலும் ஒளி செல்லும் வழியெங்கும் சிறிதளவு பின்னோக்கிச் சிதறுகிறது. அந்தச் சிதறலில் மூன்று வகைகள் நமக்குப் பயன்படுகின்றன. உங்கள் ஊரில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்ட சிதறல், இழையின் வெப்பநிலைக்கு ஏற்ப வலு மாறுகிறது. திரிபு அதை ஏறத்தாழத் தொடுவதில்லை. ஆகவே நீண்ட குழாய்ப்பாதையில் எங்கே சூடு ஏறுகிறது, எங்கே கசிவால் குளிர்கிறது என்று பார்க்க அது நேரடியாக உதவுகிறது. பிரிலூவன் சிதறல் திரிபு, வெப்பம் இரண்டுக்கும் அசைகிறது. பல பத்து கிலோமீட்டருக்கு அளக்கலாம், ஆனால் வழக்கமான கருவிகளில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தின் சராசரியே கிடைக்கும். ராலே சிதறலைப் பயன்படுத்தி, ஒளியின் அதிர்வெண்ணைச் சீராக மாற்றிக்கொண்டே அளக்கும் முறை சில பத்து மீட்டர் நீளத்துக்கு மில்லிமீட்டர் அளவில் திரிபைத் தருகிறது.

ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் குழாய்க்கும், கொள்கலன்களுக்கும், தண்டுகளுக்கும் என் தேர்வு ராலே முறை. உள்ளங்கை அளவுள்ள அடுக்குப் பிரிவை ஒரு மீட்டர் சராசரி கரைத்துவிடும். இரண்டு கீற்றணிகளுக்கு இடையில் பிரிவு விழுந்தாலும் அவை இரண்டும் ஒன்றும் அறியாமல் இருந்துவிடும். சேதத்தால் திரிபில் ஏற்படும் மாற்றம், சேதத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலே தேய்ந்துபோகும் இயல்புடையது. மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று திரிபைக் கோடாக வரைந்தால், சீராகச் செல்லும் கோட்டில் அந்த இடம் மட்டும் மேடாகவோ பள்ளமாகவோ தனித்துத் தெரியும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு இழையின் கண்ணாடியிலும் உறைந்துள்ள அடர்த்தி வேறுபாடுகள் அந்த இழைக்கே உரியவை. அவற்றின் தொடக்கநிலைப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் ராலே முறை திரிபைக் கணக்கிடுகிறது. குழாய் புதிதாக, சுமையின்றி இருந்தபோது எடுத்த பதிவைத் தொலைத்துவிட்டால், அதன் பிறகு அளப்பதெல்லாம் இடையில் என்றோ எடுத்த ஒரு நிலையிலிருந்து ஏற்பட்ட மாற்றமாகவே இருக்கும். அதற்கு முன் நேர்ந்த சேதம் கணக்கில் வராது.

இழையைக் குழாயில் நேராக ஓட்டுவதா, சுருளாகச் சுற்றுவதா?
— இயந்திரவியல் முதுநிலை மாணவி, சென்னை

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன். பல ஆய்வுத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒளியிழை தன் நீளவாக்கில் ஏற்படும் திரிபை மட்டுமே நன்றாக உணரும். ஆகவே குழாயின் மேல் வரக்கூடிய சுமை எது, அது எந்தத் திசையில் நீட்சியை உண்டாக்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகே இழையின் பாதையை வரைய வேண்டும்.

குழாய் வளையும் என்றால், அச்சுக்கு இணையாக மூன்று நேர் இழைகளை 120 பாகை இடைவெளியில் வைப்பது எளிய வழி. வளைவினால் மூன்றிலும் ஏற்படும் திரிபுகளைக் கூட்டினால் சுழியம்தான் வரும். எனவே மூன்றின் சராசரி குழாயின் அச்சு நீட்சியைத் தருகிறது, சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவு வளைவின் திசையையும் கடுமையையும் தருகிறது. வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள குழாய் 100 மீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைந்தால், கண்ணுக்கு அது நேராகவே தோன்றும். ஆனால் வெளிப்புற விளிம்பில் 500 மைக்ரோதிரிபு இருக்கும். இழைக்கு அது பெரிய எண்.

அதே மூன்று இழைகளையும், முறுக்கத்தைத் தாங்கும் தண்டில் வைத்தால் அவை ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது. தூய முறுக்கத்தில் நீளவாக்கிலும் குறுக்கு வட்டவாக்கிலும் நீட்சி இல்லை. 45 பாகையில்தான் அது உச்சம் அடைந்து, சறுக்குத் திரிபில் (முறுக்கத்தால் சுவர் பக்கவாட்டில் சரியும் அளவில்) பாதியாகிறது. முறுக்கத் தண்டுக்குச் சுருள் இழைதான் வேண்டும். வலமாக ஒன்றும் இடமாக ஒன்றும் சுற்றினால், ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும். இரண்டின் வேறுபாட்டில் வெப்பநிலையின் பாதிப்பு பெரும்பாலும் நீங்கிவிடும்.

உள்ளழுத்தம் தாங்கும் குழாய்க்கு இன்னொரு கணக்கு. முனை மூடிய மெல்சுவர்க் குழாயில், வட்டவாக்குத் தகைவு (ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை) அச்சுத் தகைவைப்போல் இரு மடங்கு. இந்த விகிதத்துக்கு வலுவூட்டும் இழைகளைச் சுற்றவேண்டிய கோணம் அச்சிலிருந்து சுமார் 55 பாகை. அழுத்தக் குழாய்கள் பலவற்றில் நீங்கள் காணும் சாய்ந்த கட்டம் இதனால் வந்தது. ஒளியிழையையும் அதே கோணத்தில் வலுவூட்டும் இழைகளோடு சேர்த்துச் சுற்றிவிடுவது செய்முறைக்கு எளிது, அடுக்கையும் குலைக்காது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 55 பாகையில் சுற்றினால், ஒரு சுற்றுக்கு இழை குழாயின் நீளத்தில் ஏறத்தாழ 220 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. இழையின் நீளத்தில் அது சுமார் 383 மில்லிமீட்டர். கீற்றணிகளை இழையில் 383 மில்லிமீட்டருக்கு ஒன்றாக எழுதி வாங்கியிருந்தால், எல்லாக் கீற்றணிகளும் குழாயின் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் குழாய் பிளந்தாலும் அவற்றுக்குச் செய்தி எட்டாது. கீற்றணி வரிசைக்கு ஆணை கொடுப்பதற்கு முன், சுருளைத் தாளில் விரித்து வரைந்து, ஒவ்வொரு கீற்றணியும் வட்டத்தில் எங்கே விழுகிறது என்று குறித்துப் பாருங்கள்.

சிறு விட்டக் குழாய்களில் ஒளி இழப்பையும் கவனிக்க வேண்டும். 55 பாகைச் சுருளில் 100 மில்லிமீட்டர்க் குழாய்மேல் இழை சுமார் 75 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைகிறது. சாதாரண இழைக்கு அது துன்பமில்லை. சைக்கிள் சட்டக் குழாய்போல் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ளதில் குறுக்காகச் சுற்றினால் ஆரம் 15 மில்லிமீட்டராகி, ஒளி கசியத் தொடங்கும்; அங்கே வளைவைத் தாங்கும் இழைவகையைத்தான் வாங்க வேண்டும்.

வலுவுக்காகச் செய்த சுவருக்குள் அந்நியப் பொருளை நுழைப்பது குழாயைப் பலவீனப்படுத்தாதா?
— பொறியாளர், ஓசூர்

நியாயமான அச்சம். கார்பன் இழை ஒன்றின் விட்டம் 5 முதல் 7 மைக்ரோமீட்டர்; ஒளியிழை, மேற்பூச்சோடு சேர்த்து, 150 முதல் 250 மைக்ரோமீட்டர். ஒரு அடுக்கின் தடிமனே சுமார் 125 மைக்ரோமீட்டர்தான் என்ற நிலையில், அடுக்குக்கு இது பெரிய விருந்தாளி. வலுவூட்டும் இழைகளுக்கு இணையாக வைத்தால் அவை இதைச் சுற்றி நெருங்கி அமர்ந்துகொள்கின்றன; பாதிப்பு குறைவு. குறுக்காக வைத்தால், ஓடையில் கிடக்கும் கல்லை நீர் விலகிச் சுற்றிப் போவதுபோல் இழைகள் மேலும் கீழும் வளைந்து செல்ல, இருபுறமும் கண் வடிவில் பிசின் மட்டுமே தேங்கிய இடம் உண்டாகிறது. வெடிப்பு தொடங்குவதற்கு அது வசதியான இடம். எனவே இணையாக வையுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், மெல்லிய பாலிஇமைடு மேற்பூச்சுள்ள இழையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான அக்ரிலேட் பூச்சு மென்மையானது. திரிபை முழுமையாகக் கண்ணாடிக்குக் கடத்தாது, பிசினை உலையில் இறுக்கும் 120 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டையும் நன்றாகத் தாங்காது.

நடைமுறையில் பெரும்பாலும் உடைவது குழாயும் இல்லை, பதித்த இழையும் இல்லை; இழை சுவரை விட்டு வெளியே வரும் அந்த ஒரு இடம். குழாய்க்கு அச்சாக நிற்கும் உருளையான மேண்ட்ரலைச் சுழற்றிக்கொண்டே சுற்றும் இயந்திரத்தில் இழையின் முனையைச் சுருட்டி எங்கே கட்டி வைப்பது, உலையிலிருந்து வந்தபின் குழாயின் ஓரங்களை அறுக்கும்போது அதை எப்படிக் காப்பது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். வெளிவரும் இடத்தில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய டெஃப்லான் குழல் ஒன்றை இழையின்மேல் மாட்டி, குழலின் பாதி சுவருக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்குமாறு வைப்பது பலரும் கையாளும் வழி. குழலின் வாய்க்குள் பிசின் ஏறிவிடாமல் அடைத்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் அது இறுகி, இழை அங்கேயே முறியும்.

குழாயின் பிசினை உலையில் இறுக்கும்போதே இழை ஏதாவது சொல்லுமா?
— வாசகர், சேலம்

சொல்லும். உலையில் வெப்பம் ஏறுவது, பிசின் கெட்டியாகி இழையைப் பற்றிக்கொள்ளும் நேரம், ஆறும்போது பிசின் சுருங்கி விட்டுச்செல்லும் எஞ்சிய திரிபு மூன்றையும் காணலாம். இறுகியபின் கீற்றணியின் ஒற்றை முகடு இரண்டாகப் பிளந்திருந்தால், இழை பக்கவாட்டில் சமமின்றி நெருக்கப்படுகிறது என்று பொருள்.

வெயிலில் கிடக்கும் குழாயில் திரிபு எது, வெப்பம் எது என்று பிரிப்பது எப்படி?
— நீர்வழங்கல் துறையில் பணிபுரிபவர், இராமநாதபுரம்

பிராக் கீற்றணி ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 10 பிகோமீட்டர் நகர்கிறது. அதைத் திரிபு என்று தவறாக வாசித்தால் ஏறத்தாழ 8 மைக்ரோதிரிபு. அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையில் குழாயின் மேற்பரப்பு 25 பாகை ஏறினால், எந்தச் சுமையும் இல்லாமலேயே 200 மைக்ரோதிரிபு வந்து நிற்கும். குழாய்ப்பொருளே வெப்பத்தால் விரிவது அதற்கு மேல். குழாயில் ஒட்டாமல், சிறு குழலுக்குள் தளர்வாகக் கிடக்கும் இன்னொரு கீற்றணியை அருகிலேயே வைத்து அதன் நகர்வைக் கழிப்பது வழக்கமான தீர்வு. வெயில் படும் மேற்பக்கத்துக்கு ஒன்று, நிழலில் இருக்கும் அடிப்பக்கத்துக்கு ஒன்று எனக் குறைந்தது இரண்டு வையுங்கள். முக்கியமான ஒப்பீட்டு அளவுகளை விடியுமுன் எடுக்க முடிந்தால், பாதிக் கவலை தீரும்.

டைட்டன் நீர்மூழ்கியின் உடல் கார்பன் இழைக் குழாய்தானே? அதில் கண்காணிப்பு அமைப்பு இருந்ததாகப் படித்தேன். பிறகு ஏன் காப்பாற்றவில்லை? ஒளியிழை இருந்திருந்தால்?
— ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், தூத்துக்குடி. இதே கேள்வியை வேறு பலரும்

ஆம். டைட்டனின் நடு உடல் கார்பன் இழையைச் சுற்றிச் செய்த தடித்த உருளை. இரு முனைகளிலும் டைட்டானியம் அரைக்கோளங்கள். 2023 ஜூன் 18 அன்று, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலை நோக்கி இறங்கியபோது அது உள்நோக்கி நொறுங்கி, ஐந்து பேரும் உயிரிழந்தார்கள். டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 380 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). நாம் இதுவரை பேசிய அழுத்தக் குழாய்களில் சுவர் இழுவிசையில் இருக்கிறது. இங்கே சுவர் முழுவதும் அழுத்துவிசையில் இருந்தது. அடுக்குப் பிரிவு மிகக் கொடியதாவது இந்த நிலையில்தான்.

அதில் இருந்தவை ஒலி உணரிகளும் மின்தடைத் திரிபுமானிகளும். 2022 ஜூலை 15 அன்று, 80-ஆவது மூழ்கலின் முடிவில் மேலே வந்தபோது, பெரிய வெடியோசை ஒன்று கேட்டது. உருளை தன் சட்டகத்துக்குள் அசைந்ததால் வந்த ஓசை என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. அதன் பிறகு நடந்த மூழ்கல்களில், ஆழத்துக்கும் திரிபுக்கும் இடையில் அதுவரை இருந்த உறவு மாறிவிட்டதைத் திரிபுமானிகள் பதிவு செய்திருந்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த ஓசைக்குப் பின் உடல் சேதமடைந்திருந்தது என்றும், தரவுகளைப் பகுத்தாய்ந்த விதம் தவறாக இருந்ததால், கலத்தை உடனே சேவையிலிருந்து விலக்கியிருக்க வேண்டும் என்பதை அதை இயக்கிய நிறுவனம் அறியாமல் போயிற்று என்றும் கூறுகிறது. அதற்கு நெடுநாள் முன்பே, 2018-இல், அந்த நிறுவனத்தின் கடல் இயக்கப் பிரிவுத் தலைவராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ், ஒலிக் கண்காணிப்பு உடைவுக்குச் சில மில்லி வினாடிகளுக்கு முன்புதான் எச்சரிக்கக்கூடும் என்று எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கிறது. மூழ்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எச்சரிக்கை மணி அடித்து உயிர் காக்கும் என்று நம்பியது தவறு. தடித்த கார்பன் சுவர் அழுத்துவிசையில் தோற்கத் தொடங்கினால், மேலே வர அவகாசம் இருக்காது. அதே உணரிகள், கரைக்குத் திரும்பியபின் அமைதியாக உட்கார்ந்து படிக்கத் தக்க சான்றைத் தந்திருந்தன. அடுத்தடுத்த மூழ்கல்களுக்கு இடையில் அதைப் படித்து, மறுப்புச் சொல்லும் அதிகாரத்தோடு ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஒளியிழை சுவருக்குள் பரவியிருந்தால், மாற்றம் எந்தப் பக்கத்தில், எந்த நீளத்துக்கு என்று மிகத் தெளிவான படம் கிடைத்திருக்கக்கூடும். ஆனால் சில திரிபுமானிகள் சொன்னதையே பொருட்படுத்தாத இடத்தில், ஆயிரம் புள்ளிகள் சொன்னாலும் அதே கதிதான் நேர்ந்திருக்கும் என்று அஞ்சுகிறேன். ஐந்து உயிர்கள் போன பிறகு இதை எழுதவேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால், அளவீட்டிலிருந்து "சேதம்" என்று எப்போது முடிவு செய்வது?
— ஆய்வு மாணவர், வேலூர்

ஒளியிழை அளப்பது திரிபை. சேதம் என்பது அதிலிருந்து நாம் எட்டும் முடிவு. ஒரு நாள் வாசிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல இயலாது. குழாய் புதிதாக இருக்கும்போது, தெரிந்த அழுத்தங்களை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பாருக்கு எத்தனை மைக்ரோதிரிபு என்ற விகிதத்தைப் பதிந்து வையுங்கள். பின்னர் அதே அழுத்தத்தில், அதே வெப்பநிலையில், அதே விகிதம் வருகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் பாருக்கு 80 ஆக இருந்தது 90 ஆகி, அண்டைப் புள்ளிகள் மாறாமல் இருந்தால், அங்கே சுவரின் விறைப்பு குறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். அழுத்தத்தை முழுவதும் இறக்கியபின் திரிபு பழைய சுழியத்துக்குத் திரும்பாவிட்டால் அது இரண்டாவது அடையாளம். ஏற்றும்போது கோடு நேராக வராமல் ஓரிடத்தில் முறிந்து திசை மாறினால் மூன்றாவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மீயொலிக் கருவியோடு அந்த இடத்துக்குப் போங்கள். எந்த மாற்றத்துக்கு மேல் குழாயை நிறுத்துவது என்ற எண்ணைக் குழாயை இயக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது மிக அவசியம்; உற்பத்தி நெருக்கடியின் நடுவில் அதை முடிவு செய்ய உட்கார்ந்தால், எண் எப்போதும் மேலேதான் நகரும்.

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டமாக இதைச் செய்ய முடியுமா? வாசிப்புக் கருவியின் விலை கேட்டு மலைத்துவிட்டோம்.
— மாணவர் குழு, நாகர்கோவில்

வாசிப்புக் கருவி லட்சங்களில்தான் வரும். அதை வாங்க முயலாதீர்கள். ஒளியியல் ஆய்வகம் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் சில நாட்களுக்கு அளக்க அனுமதி கேளுங்கள். கொல்கத்தாவில் உள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் கீற்றணி உணரிகளில் நெடுநாளாக ஆய்வு செய்துவருகிறது. பெங்களூரில் தேசிய விண்ணூர்தி ஆய்வகம் ஆளில்லா விமானத்தின் கூட்டுப்பொருள் பாகங்களில் இவற்றைப் பறக்கவிட்டுச் சோதித்திருக்கிறது. அவர்களின் ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள்.

முதல் முயற்சியில் சுவருக்குள் பதிக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் கண்ணாடி இழைக் குழாய் ஒரு மீட்டர் வாங்கி, மேற்பரப்பில் ஒட்டுங்கள். ஒட்டும் கோட்டைப் பென்சிலால் வரைந்து, நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பை நீக்கி, அசிட்டோனால் துடையுங்கள். இழையை இரு முனையிலும் டேப்பால் பிடித்து லேசாக இழுத்த நிலையில் ஒட்டினால்தான், குழாய் அமுங்கும்போதும் அது தொய்யாமல் அளக்கும். கீற்றணி உள்ள பகுதியில் விரைவில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை மெல்லிய கோடாக விட்டு, காய்ந்தபின் எப்பாக்சி பூசி மூடுங்கள். இழைகளை இணைக்க ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். உங்கள் ஊரில் பிராட்பேண்ட் இணைப்புக் கொடுக்கும் பணியாளர்களிடம் அது இருக்கும், கேட்டால் அரைமணி நேரத்தில் செய்து தருவார்கள். பூச்சை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, முனையை வெட்டும்போது விழும் கண்ணாடித் துண்டுகளை உடனுக்குடன் டேப்பில் ஒட்டி எடுத்துவிடுங்கள். விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, நாட்கணக்கில் குத்தும். 1550 நானோமீட்டர் ஒளியும் கண்ணுக்குத் தெரியாதது என்பதால், இழையின் முனையை ஒருபோதும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

கீற்றணிக்குப் பக்கத்திலேயே ஒரு மின்தடைத் திரிபுமானியையும் ஒட்டிக்கொள்ளுங்கள். குழாயின் ஒரு முனையை இறுகப் பற்றி, மறுமுனையில் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, இரண்டின் வாசிப்பையும் ஒரே தாளில் குறித்து வாருங்கள். இரண்டும் ஒத்து வந்த பிறகு, குழாயை மரச்சுத்தியால் ஓரிடத்தில் அளவாகத் தட்டி, அதே எடைகளை மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள். தட்டும் இடத்தைக் கீற்றணிக்கு மிக அருகில் தொடங்கி, அடுத்தடுத்த குழாய்களில் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போனால், எவ்வளவு தூரத்துக்கு அப்பால் அது சேதத்தை உணர மறுக்கிறது என்ற அளவு உங்களுக்குக் கிடைக்கும். அந்த அளவை எனக்கு எழுதி அனுப்புங்கள். குழாயின் விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.